பதர் தூத்துன காத்துல ஒரு போர் விமானம்

அறுப்பு முடிஞ்ச வயலு கொஞ்ச மாசம் சும்மாத்தான் கிடக்கும். ஆடு மேயும், கொக்கு வரும். இந்தப் பங்குனியில ஒரு போர் விமானமும் வந்துச்சு.

சென்னையில வேலை பாக்குற அக்கா பையன் கொண்டாந்தது. பயந்துடாதீங்க, ரிமோட்டுல பறக்குற ஸ்பிட்ஃபயர் மாடல். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல இறக்கை, ஏறக்குறைய ஒரு கிலோ எடை, உடம்பெல்லாம் தெர்மோகோல் மாதிரி நுரை. அசல் ஸ்பிட்ஃபயர் 1936-ல முதன்முதலா பறந்தது. ஆர்.ஜே. மிட்செல் வடிவமைச்சது, 20,000-க்கு மேல செஞ்சாங்க. அதோட முட்டை வடிவ இறக்கை இதுலயும் அப்படியே இருக்கு. மெர்லின் இன்ஜினுக்குப் பதிலா ஒரு சின்ன மோட்டாரு, 11.1 வோல்ட் பேட்டரி.

"அங்க விட இடமே இல்ல மாமா. எங்க பாத்தாலும் ஒயரு, மாடி, ஏர்போர்ட்டு"ன்னான். 18,000 ரூபா பொருளு. ஒரு தடவை மூக்கு குத்துனா முடிஞ்சுது. சக்கரம் அறுத்த தாள்ல மாட்டும்னு கழட்டிட்டான், வயித்துலதான் இறக்கணும்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். மேலக்காத்து லேசா அடிச்சுது. அதுக்கு எதிரா கையால வீசி விட்டேன், ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. ஓட்டுறது சுலபமில்லைங்க. நம்மள விட்டுப் போறப்ப குச்சிய இடது பக்கம் தள்ளுனா நமக்கு இடப்பக்கம் திரும்புது. நம்மளப் பாத்து வர்றப்ப அதே குச்சி நமக்கு வலப்பக்கம் கொண்டு போவுது. பேட்டரி தாங்குறது ஏழு நிமிஷம்.

அஞ்சாவது நிமிஷம் காத்து நின்னு போச்சு. பனைமர ஓலை சலசலப்பு அடங்குச்சு. பங்குனியில இப்படி நின்னா அடுத்து கடல் பக்கத்துலருந்து கீழக்காத்து வரும். நெல்லு தூத்துன காலத்துல, முறத்தைத் தூக்குன ஆளு உடனே திரும்பி நிப்போம். இல்லன்னா பதரெல்லாம் நம்ம மேலதான்.

அவன் கிழக்கேயிருந்து இறக்க வந்தான். காத்து முதுகுல தள்ள, விமானம் வேகம் குறையாம வரப்பைப் பாத்துப் போச்சு.

"டேய், தூக்கு! காத்து மாறிடுச்சு, மேற்கேயிருந்து வா!"

தூக்கிட்டான். ஒரு சுத்து சுத்தி, மேற்கேயிருந்து காத்துக்கு எதிரா வந்தான். வேகம் தானா அடங்கி, தாளு மேல வழுக்கிட்டு நின்னுச்சு. பேட்டரி தொட்டா சுட்டுது. பய கை நடுங்குச்சு.

உளுந்தூர்பேட்டையில இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒண்ணு இருக்கு. அந்த மாதிரி ஓடுதளத்தை எந்தத் திசையில போடுறதுன்னு முடிவு பண்றதே அந்த ஊரு காத்தைப் பாத்துத்தான். அசல் விமானத்துக்கே அப்படின்னா ஒரு கிலோ நுரைக்குச் சொல்லணுமா?

மிஷின் அறுப்பு வந்தப்புறம் எங்க களத்துல யாரும் தூத்துறதில்ல. காத்து எப்ப திரும்பும்னு என்னைக் கேக்கவும் ஆளில்ல. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது இவன் கேட்டான், "அது எப்படி மாமா முன்னாடியே தெரிஞ்சுது?" பனை ஓலை, கொக்கு உக்காருற திசை, புழுதின்னு ஒவ்வொண்ணா சொன்னேன். செல்லுல குறிச்சுக்கிட்டான்.

அடுத்த மாசமும் வரேன்னிருக்கான். ஆடி வரைக்கும் வயலு காலிதான்.