பரலோகராஜ்யமும் விண்ணரசும்

வேளச்சேரியில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. கணக்குக்கும் அறிவியலுக்கும் திறந்தநிலைப் பள்ளியின் பாடநூல்கள் உண்டு. வேதாகமத்துக்கான பாடத்திட்டத்தை நாங்களே தேர வேண்டியிருந்தது.

அமெரிக்கப் பாடத்திட்டங்கள் ஆண்டு முழுமைக்கும் நாள்வாரியாக வகுக்கப்பட்டவை. ஆனால் அவற்றில் தேறிய பிள்ளைக்குப் பாட்டியின் வேதாகமம் வாசிக்க வராது. குடும்ப ஜெபத்தில் அவள் விருந்தாளியாகிவிடுவாள்.

தமிழில் எனில், எந்தத் தமிழ்? சீகன்பால்கின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சேறிய நாள்தொட்டு இக்கேள்வி தொடர்கிறது. ஹென்றி பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெரிதும் ஒலிக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் கொணர்ந்த திருவிவிலியத்தில் பரலோகராஜ்யம் விண்ணரசாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. பின்னது மகளுக்கு எளிதில் விளங்குகிறது. முன்னது பாட்டியின் நாவில் வாழ்கிறது.

பாடநூல்களை ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் செல்லும் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் வைத்துச் சோதித்தோம். எந்தப் பிள்ளையும் 'ஏன்?' என்று கேட்கும் இடம் அது. நாங்கள் பார்த்தவற்றில் கோடிட்ட இடம் நிரப்பும் வினாக்களே இருந்தன.

ஆகவே அட்டவணையை மட்டும் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டோம். நாளுக்கொரு பகுதியைப் பாட்டி பழைய மொழிபெயர்ப்பிலும் பேத்தி புதியதிலும் வாசிக்கிறார்கள். சொற்கள் வேறுபடும் இடத்தில் நின்று பேசுகிறோம். அந்த அதிகாரத்திலேயே ஒரு வாரம் கழிந்தது. 'ஏன்?' என்பதற்குப் பாட்டியிடமும் முடிந்த பதில் இல்லை; பேத்தி அவரை விட்டு எழவுமில்லை.