முதுமாணியும் தம்பலகாமக் குடாவும்

பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு நம்மவர் இட்ட பெயர்களுள் எனக்கு மிக உவப்பானது ‘முதுமாணி’ என்பது. மாணி என்பான் குருவினிடத்துக் கற்கும் பிரமசாரி. ஆங்கிலேயர் இப்பட்டத்தை ஆசானுக்குரிய சொல்லால் வழங்க, நாமோ அதனைப் பெற்றவனையும் மாணவன் என்றே நிறுத்தினோம். முதிர்ந்த மாணவன், அவ்வளவே. உயிரியல் கற்பார்க்கு இப்பெயர் சாலப் பொருந்தும். கடல் எதிரே விரிந்து கிடக்க, ஆசான் ஆகிவிட்டேன் என்று எவர்தாம் கூறத் துணிவர்?

எம் கல்லூரியிற் கற்று விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்ற இளைஞரொருவர், உயிரியலில் முதுமாணிப் படிப்பை மேற்கொள்ளலாமா என்று சென்ற ஆண்டு என்னை வினவினார். அவர்தம் தந்தையார் கடற்றொழில் செய்பவர். வள்ளத்துக்கு வாங்கிய கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. “பட்டம் எடுத்த பிள்ளை உழைக்கிற வயதிலே திரும்பவுங் காசு கட்டிப் படிக்கிறதோ, வாத்தியார்?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதுமாணிப் பட்டத்தால் வருவாய் உயரும் என்று நான் அவருக்கு வாக்களிக்கவில்லை. அவ்வாறு வாக்களிப்போரை நம்பவும் வேண்டாம் என்றேன்.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகக் கூறினேன். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி முதுமாணியும் ஒரே வகையினதன்று. பாடநெறியே பெரும்பகுதியாக அமைவது 9ஆம் மட்டம். அதனோடு ஆராய்ச்சியுஞ் சேர்ந்து நீள்வது 10ஆம் மட்டம். விரிவுரைக் குறிப்புக்களை மீண்டும் மனனஞ் செய்வதற்காயின் வள்ளக் கடனை அடைப்பதே மேல். தானே ஒரு வினாவை எழுப்பி, அதற்குத் தானே விடை தேடுவதாயின் அச்செலவு தகும். அவ்வினாவுக்காகத் தொலைவு செல்லவும் வேண்டியதில்லை.

1819இற் கொழும்பிற் பிறந்து, எடின்பரோவில் மருத்துவங் கற்று, இராணுவ வைத்தியராய் விளங்கிய எட்வேட் பிரெடெரிக் கெலாட் என்பவர், இலங்கையின் விலங்கினங்களைப் பற்றி 1852இல் நூலொன்று வெளியிட்டார். பின்னர் திருகோணமலைக் கடலில் வாழும் ஓடில்லா நத்தையினங்களை ஆராய்ந்து, அவற்றுட் பலவற்றுக்கு 1858இல் விஞ்ஞானப் பெயரிட்டார். அவற்றுள் ஒன்று, அந்நாளில் இந்நகரிற் குருவாயிருந்த கிளெனி என்பாரின் பெயரை இன்றுந் தாங்கி நிற்கின்றது. அம்மென்னுயிர்களைச் சாராயத்தில் இட்டுவைத்தால் நிறம் அழிந்துவிடும். ஆதலின் உயிரோடிருக்கையிற் பார்த்து வரைந்த ஓவியமே சான்றாகும். கெலாட் 1860இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற ஓவியங்களைச் சேர் சாள்ஸ் எலியற் ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906இல் வந்தது. ஒருவன் தன் வாசலிற் கண்டதைச் செவ்வையாகக் குறித்துவைத்தால், அவன் இறந்து நாற்பத்தாறு ஆண்டு கழிந்தும் வேறொருவனுக்கு அது பயன்படுகின்றது.

கிண்ணியாப் பாலத்தின் கீழாகக் கொட்டியாரக் குடாவோடு கலக்கும் தம்பலகாமக் குடாவும் அத்தகைய பழைய ஆய்வுக்களமே. (2009இல் அப்பாலந் திறக்கப்படுமுன் ‘பாதை’யிற் காத்திருந்து கடந்தவர்கள் அந்நீரை என்னினும் நன்கறிவர்.) கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பிகள் அங்கே வாழ்ந்தன, அவற்றின் சிறு முத்துக்களுக்காகக் குளிப்பு நடந்தது. பிலிப்பைன் நாட்டார் அவ்வினத்தின் ஓட்டைச் சாளரங்களிற் கண்ணாடிக்கு ஈடாகப் பதித்தனர். கெலாட்டும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்ணெலும் அச்சிப்பியைப் பற்றி எழுதியுள்ளனர்.

இதனைச் சொல்லிக்கொண்டிருக்கையில், அதுவரை வாளாவிருந்த தந்தையார் இடைமறித்தார். சேறு எவ்விடத்து மென்மையானது, மாரியில் ஆற்றுநீர் புகும்போது உவர்ப்பு எவ்வளவு குன்றும், எந்தக் கண்டலின் வேரில் எந்த மட்டி ஒட்டும் என்றெல்லாம் கூறத் தொடங்கினார். மகன் குறிப்பெழுதத் தாள் தேடினார். அன்று யான் பேச வேண்டிய எஞ்சியவற்றைப் பேசவில்லை.

இவ்விடத்தில் தமிழாசிரியனுக்கும் ஒரு வேலை உண்டு. நம் பிள்ளைகள் உயர்தரம் வரை உயிரியலைத் தமிழிற் கற்கின்றனர். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். ஆய்வேட்டையும் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். அதனைக் குறைகூறுதல் என் கருத்தன்று. உலகத்தார் வாசிக்க வேண்டுமாயின் அது வேண்டுவதே. ஆனால் கண்டல், கண்ணா, தில்லை என்று தகப்பன் வேறுபிரித்துச் சொல்லும் மரங்கள் மகனுடைய ஏட்டில் இலத்தீன் பெயர்களாக மாத்திரம் எஞ்சுமாயின், ஏட்டை அத்தகப்பனால் வாசித்துத் திருத்த இயலாது. கண்டல் சங்கப் புலவர் நெய்தற்றிணையிற் பாடிய மரம். தில்லையோ சிதம்பரத்துக்கே பெயர் தந்தது. இவை ஆய்வுக்கு அலங்காரமல்ல, தரவு. இந்நகர் இந்துக் கல்லூரியை வழிநடத்திய விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானமாணி. 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானத்தையுந் தமிழையும் இருவேறு அறைகளிற் பூட்டிவைத்தவரல்லர் அவர்.

இளைஞர் இப்போது முதலாண்டிற் படிக்கின்றார். பகலில் ஒரு தனியார் கல்வி நிலையத்திற் கற்பித்துக் கட்டணத்தைத் தேடுகின்றார்; தந்தையாரும் ஒரு பகுதியைத் தருகின்றாராம், கணக்கை மாத்திரம் கேட்கின்றாராம். குடாவிற் கண்ட உயிரினங்களின் அட்டவணையைச் சென்ற மாதம் எனக்குக் காட்டினார். விஞ்ஞானப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயருக்கென ஒரு நிரல். அதிற் சில கட்டங்கள் வெறுமையாயிருந்தன. “அப்பாவுக்குந் தெரியவில்லை, சேர், மூதூரிலே இரண்டு கிழவர் இருக்கினமாம், அவர்களிடம் போகிறேன்” என்றார்.