விலாவைத் தொட்டுப் பார்

பிள்ளைகளா, பாம்பன் கரையில் மீன் ஏலம் போடும் இடத்துப் பூனைகளைக் கவனித்திருக்கிறீர்களா? காரப்பொடி, சங்காயம் போன்ற பொடிமீன்கள் சிதறிக் கிடந்தாலும் அங்கே தொந்தி விழுந்த பூனையைக் காண்பது அபூர்வம். நாள் முழுக்க ஓட்டம், தாவல், சண்டை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்தால், அந்த 61 நாளும் வயிறு இன்னும் ஒட்டிப்போகும். அதே பூனையின் குட்டியை ராமநாதபுரம் டவுனில் வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறோம். ஃபிரிட்ஜுக்கும் சோபாவுக்கும் நடுவில் அதன் நடமாட்டம் முடிந்துபோகிறது. சாப்பாடு மட்டும் கேட்டபோதெல்லாம் கிடைக்கிறது.

நம் பக்கத்தில் பாசம் என்றாலே சோறு போடுவதுதான். வாயில்லா ஜீவன் வாலாட்டி நின்றால் மனசு கேட்காது. காலையில் அப்பத்தா ஓர் இட்லி, தாத்தா இரண்டு பிஸ்கட், பள்ளிவிட்டு வந்த பிள்ளை பொரித்த மீனில் ஒரு துண்டு. யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாயும் பூனையும் கெட்டுப்போவது இங்கேதான்.

“பாவம், பசிக்குது” என்பீர்கள். லாப்ரடார் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணு ஒன்றில் பழுது இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் ஏக்கம் நடிப்பல்ல. ஆனால் உடம்புக்குத் தேவை முடிந்த பிறகும் அது கேட்கும். போதும் என்று சொல்ல வேண்டியது நாம்தான்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து வளர்த்தார்கள். ஒன்று தின்றதில் கால்பங்கு குறைத்து அதன் ஜோடிக்குக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளியே வந்தது. 2002இல் இந்த ஆய்வு முடிவு வெளியானது. நாயின் ஆயுளில் இரண்டு வருஷம் சின்ன விஷயமா?

நம் நாய் குண்டாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் விலாவில் விரல்களை வைத்து, அழுத்தாமல் தடவிப் பாருங்கள். பிறகு கையை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள்: விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. உள்ளங்கை மாதிரி எலும்பே தெரியாமல் இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. மூடிய முஷ்டியின் மொழிகள் மாதிரி துருத்தினால் மெலிவு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குக் கடைசி விலாக்கள் தெரிவது இயல்பு. “எலும்பும் தோலுமா இருக்கே” என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு அவற்றைக் கொழுக்கவைத்து விடாதீர்கள். ஓடப் பிறந்த உடம்பு அது.

எடையைக் குறைப்பதென்றால் ஒரே டம்ளரில், ஒரே ஆள் அளந்து வையுங்கள். நொறுக்குத் தீனி நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கருத்தடை செய்த பிறகு தேவை குறையும். பழைய அளவையே போடக் கூடாது. கருவாட்டில் உப்பு அதிகம். சாம்பார் சோற்றில் வெங்காயம் இருக்கும். நாய்க்கும் பூனைக்கும் அது விஷம். நடைக்கு விடியற்காலையில் மணல் சுடுவதற்குள் போய்விடுங்கள்.

பூனையிடம் கூடுதல் கவனம் வேண்டும். குண்டுப் பூனையை ஒருபோதும் பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும். தயிர்சோறும் பால்சோறும் அதற்கு உணவல்ல. அதற்குக் கறி, மீன் வேண்டும். குறைக்கத் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் நாய்க்கு உடம்பு போடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு தனியாக ஏறி, உங்கள் எடையைக் கழித்து, தேதி போட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். மாதம் தவறாமல் இதைச் செய்யுங்கள்.