துளசி இலை சுருண்டால் தண்ணீரா மருந்து?

புரட்டாசி சனிக்கிழமைகள் நெருங்குது. பெருமாள் சன்னதி முன்னால தொட்டித் துளசி சுருண்டிருப்பதைப் பார்த்து, "தண்ணி பத்தலையா?" என்று பலர் கேட்டீங்க. பாசத்தோட ஆளுக்கொரு சொம்பும் ஊற்றினீங்க.

நாங்கள் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தோம். உள்ளே நல்ல ஈரம். இலையைத் திருப்பினால், அடியில் கறுப்புப் புள்ளிகள், வலை போன்ற இறக்கையோடு பொடிப் பூச்சிகள். சாற்றை உறிஞ்சுவது அவைதான். இதில் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேரும் அழுகிடும்.

தீர்த்தத்தில் சேரும் இலை. கடைப் பூச்சிமருந்து அடிக்க மனசு வரல. மோசமான கிளைகளை வெட்டி, பையில் கட்டி எறிந்தோம். இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி பாத்திர சோப்பு கலந்து, 7 நாளுக்கு ஒருமுறை சாயங்காலம் தெளிக்கிறோம்.

சுருண்ட இலை இனி நிமிராது. புதுத் துளிர் நேராக வருதா என்றுதான் பார்க்கணும்.

அதுவரை இந்தத் தொட்டியில் பறிக்க வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம், நாங்க பார்த்துக்கிறோம். அர்ச்சனைக்கு வீட்டுத் துளசி ஒரு கைப்பிடி கொண்டு வாங்க. கிள்ளும்போது இலையைத் திருப்பியும் பாருங்க.