காலடியில் ஒரு துவாரம்

பழைய மோட்டார் வண்டி வாங்க வருகின்றவர்கள் வண்ணத்தைப் பார்ப்பார்கள். இயந்திரத்தின் ஓசையைச் செவிமடுப்பார்கள். ரயரைக் காலால் உதைத்துப் பார்ப்பவர்களும் உளர். தாங்கள் கால் வைக்கும் தளத்தைக் குனிந்து நோக்குபவர் மிகச் சிலர். அதன்மேல் ஏதோ ஒரு விரிப்புக் கிடக்கின்றது. விரிப்புப் புதிதாயிருப்பின் அதன் கீழுள்ளதும் நன்றாகவே இருக்குமென நம்பிவிடுகின்றோம். எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் பிக்கப் வண்டிக்குச் சென்ற பங்குனியில் புதிய வைனில் விரிப்பு இட்டபோது, இந்த நம்பிக்கை எவ்வளவு பொல்லாதது என்பதை அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

வண்டி 1959ஆம் ஆண்டினது. அலெக் இசிகோனிஸ் என்பார் வரைந்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. முன்னே இருவர் அமர, பின்னே பாரம் ஏற்றத் திறந்த பெட்டி கொண்ட வகை 1953இல் அதனைத் தொடர்ந்தது. கால் தொன், அதாவது ஐந்து அந்தர், ஏற்றலாம் என்பது செய்தவர்கள் விதித்த கணக்கு. உரும்பிராயிலே வெங்காயம் செய்த எங்கள் ஐயா அக்கணக்கை ஒருநாளாவது மதித்ததாக எனக்கு நினைவில்லை. ஐயாவுக்குப் பின் அண்ணர் அதை ஓட்டினார். இப்பொழுது அண்ணரின் மகன், என் மருமகன், ஓட்டுகின்றான். விடியற்காலையில் சுன்னாகம் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் போகின்ற அதே வண்டியில்தான் அவனுடைய மகள் பள்ளிக்கூடம் போகின்றாள்.

யாழ்ப்பாணத்தில் இரும்புக்கு இரண்டு பகைகள். ஒன்று உப்பு. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த இக்குடாநாட்டில் காற்றோடு உப்பு வராத மூலை அரிது. மற்றது நாம் பெருமை பேசும் செம்பாட்டு மண். தோட்டத்திலிருந்து காலோடு வரும் அம்மண் விரிப்பின் கீழே படிந்து, கார்த்திகை மழையின் ஈரத்தைத் தை மாதம் வரையில் பிடித்து வைத்திருக்கும். உப்பும் ஈரமும் கூடினால் தகடு உள்ளிருந்து பொருக்குப் பொருக்காகக் கழலும். மேலே விரிப்புப் பளபளத்துக்கொண்டிருக்கும்!

பழைய விரிப்பை எடுத்தபோது ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு தட்டுகள் வெளிப்பட்டன. மேலே இருந்தது, போர் முடிந்த பின்னர் இட்ட லினோலியம். அதன் கீழே எண்ணெய்ப் பீப்பாவை வெட்டித் தட்டையாக்கிய தகரம். அதற்கும் கீழே, இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்ட 1970களின் முற்பகுதியில் ஐயா விரித்த தும்புப் பாயின் சிதைவுகள். அடியில், தொழிற்சாலையிலிருந்து வந்த கறுப்பு றப்பர் விரிப்பு கரித்தூள்போல உதிர்ந்து கிடந்தது.

அந்தத் தகரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். 1990இல் மீண்டும் போர் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை அக்காலத்தில் இங்கு எல்லாரும் கற்றிருந்தனர். விரிப்பு வாங்குவது பற்றி யார் நினைப்பார்? அண்ணர் பீப்பாவை வெட்டினார். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கிப் போன மழையிரவில், நாங்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் அத்தகரத்தின்மேல் கால் வைத்தே. அம்மா முன்னாசனத்தில் இருந்தார். அவர் காலடியில் தண்ணீர்க் குடம். வண்டி நடப்பவர்களின் வேகத்திலேயே சென்றது. தகரம் இப்பொழுது எங்கள் கோழிக்கூட்டின் கூரையாக இருக்கின்றது, இன்னும் ஒழுகவில்லை.

தகரத்தைத் தூக்கியதும் ஓட்டுபவரின் பக்கத்தில் உள்ளங்கையளவு ஓட்டை ஒன்றும், அதைச் சுற்றிச் சல்லடைபோலப் பல சிறு ஓட்டைகளும் தெரிந்தன. குஷன் வேலை செய்பவர் ஒருவர் வந்து பார்த்தார். தடித்த வைனிலை ஒரே துண்டாக வெட்டிப் பசை பூசி ஒட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், ஓட்டையும் தெரியாது, சத்தமும் குறையும் என்றார். வெங்காயம் கிண்டும் நாட்கள். வண்டி முற்றத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் மருமகனுக்கு நட்டம். அவன் சம்மதிக்கும் முகத்தோடு என்னைப் பார்த்தான்.

அப்பொழுது திண்ணையில் சாய்ந்திருந்த அண்ணர் கேட்டார்: "தம்பி, ஒட்டுறது சரி. பிறகு பிறேக் ஒயில் எதுக்குள்ளாலை விடுவாய்?"

மைனர் வண்டியைப் பழகாத நேயர்களுக்கு இவ்வினாவின் பொருள் விளங்காது. பிற்கால வண்டிகளில் பிறேக் எண்ணெய் நிற்கும் கிண்ணம் இயந்திரத்தின் அருகே இருக்கும். மூடியைத் தூக்கினாலே காணலாம். மைனரில் பிரதான சிலிண்டர் தளத்தின் கீழே, ஓட்டுபவரின் காலடியில் ஒளிந்திருக்கின்றது. தளத்தில் ஒரு வட்டத் துவாரம். அதில் ஒரு றப்பர் அடைப்பு. அதைக் கழற்றினால்தான் எண்ணெய் மூடிக்குக் கை எட்டும். நான்கு சில்லுகளுக்கும் அந்த எண்ணெய் ஒரே வழியாகவே செல்கின்றது. அது வற்றினால் நான்கிலும் ஒருங்கே பிறேக் இல்லை. கைப்பிறேக் ஒன்றே கதி. அத்துவாரத்தின்மேல் விரிப்பை ஒட்டுவது, கிணற்றை மூடி அதன்மேல் கோலம் போடுவதற்கு ஒப்பானது.

மருமகன் ஒன்றும் பேசாமல் வந்து தூசியைத் துடைத்தான். (துடைக்காமல் திறந்தால் மண் உள்ளே விழுந்து சிலிண்டரைக் கெடுக்கும்.) அடைப்பைக் கழற்றி ஈர்க்கு ஒன்றை விட்டுப் பார்த்தான். ஈர்க்கின் நுனி மட்டுமே நனைந்தது. முன்பக்க இடது சில்லில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்ததை அன்று மாலை கண்டுபிடித்தார்கள். கடைசியாக எப்பொழுது எண்ணெய் பார்த்தது என்ற கேள்விக்கு வீட்டில் ஒருவரிடமும் விடை இல்லை. மறுநாட் காலையில் பேத்தி சைக்கிளில் பள்ளிக்கூடம் போனாள்.

அதன்பின் அவசரம் பற்றிய பேச்சு எழவில்லை. பிறேக் முதலிலே திருத்தப்பட்டது. துருவேறிய தகடு நல்ல இரும்பு தெரியும் வரையில் வெட்டப்பட்டு, 18 கேஜ் தகடு வைத்து வெல்டிங் செய்யப்பட்டது. ஒரு செய்தி இங்கு நினைவுக்கு வருகின்றது. 1990களில் இத்தீவின் மறுபகுதியில் மைனருக்குரிய தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். அதே காலத்தில் எங்களுக்கு ஒரு திருகாணி வந்து சேரவும் வழி இருக்கவில்லை. தகட்டின் மேலே செம்மை நிறத் துருத்தடுப்புப் பூச்சு; கீழே தார்.

விரிப்புக்கு மரக்கோலம் போட்ட வைனிலைக் கடைக்காரர் மிகவும் விதந்துரைத்தார். மோட்டார் வண்டி மரத்தளம் இட்டதுபோல் நடிக்கவேண்டிய அவசியம் யாதென நான் கேட்டதனால், சாதாரணக் கறுப்பு வந்தது. அளவுத் தாளாகப் பயன்பட்டவை பழைய ஞாயிறு இதழ்கள், ஆசிரியர் பொறுத்தருள்வாராக. ஒரே துண்டாக வெட்டவில்லை, மூன்று துண்டுகள். கியர்ப்பெட்டியை மூடும் நடுமேட்டுக்கு ஒன்று, இருபுறத்துக்கும் ஒவ்வொன்று. அம்மேட்டின் மூடியை என்றாவது கழற்றவேண்டி வரும். ஒரே துண்டாயின் அன்று கத்திதான் எடுக்கவேண்டும்.

வைனில் குளிர்ந்திருந்தால் மேட்டில் வளையாது. குளிர்நாட்டில் அதைச் சூடாக்கக் கருவி வைத்திருக்கிறார்களாம். நாங்கள் காலை பதினொரு மணிக்கு முற்றத்தில் விரித்தோம். அரை மணியில் தோசைமாதிரி வளைந்தது. ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, நடுவிலிருந்து பக்கங்களுக்கு அழுத்திச் சென்று, படிந்த பிறகே விளிம்பை நறுக்கினோம். பசை நடுமேட்டில் மட்டும். பக்கத் துண்டுகளை ஆசனத்தின் ஆணிகளும் கதவடியில் இட்ட அலுமினியப் பட்டியுமே பிடித்திருக்கின்றன. அடியில் கம்பளித்துணி இடலாமென்றார்கள். அது நீரை உறிஞ்சி வைத்திருக்கும் என்று மறுத்தோம். சத்தம் சற்று அதிகந்தான்.

துவாரத்துக்கு நேரே மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல விட்டு, இரண்டு அழுத்துப் பொத்தான்கள் தைக்கப்பட்டன. அந்தச் சிறு கதவைத் திறந்து ஈர்க்கு விட்டுப் பார்க்கும் அதிகாரத்தைப் பேத்தி தானே எடுத்துக்கொண்டாள். இடப்பக்கத் துண்டில் ஆசனத்தின் அருகே இன்னும் ஒரு சிறு அலை தெரிகின்றது. மாரிக்கு முன் எல்லாவற்றையும் கழற்றி, மண்ணைத் தட்டி, வெயிலில் ஒருநாள் போட்டெடுக்கும்போது அதையும் பார்க்கலாம் என்கிறான் மருமகன். ஐப்பசி முதற் கிழமையென்று அண்ணர் கலண்டரில் குறித்துவிட்டார்.