நான்கு கரண்டி என்று சொன்னேன்

பால் டின்னின் பின்புறத்தில் தெளிவாக எழுதியிருந்தது: 30 மில்லிலிட்டர் தண்ணீருக்கு ஒரு கரண்டி மாவு, தலைதட்டி. மலாயில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது, படமும் போட்டிருந்தது. எனக்கு இரண்டு மொழியும் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. தெரியாமல் நடந்த தப்பு என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விகிதக் கணக்கு நடத்தியவள். என் அம்மா, பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். பால் இல்லாத குழந்தைக்கு டின் பாலைக் கண்ணளவாகக் கரைத்துப் புகட்டுவார். அந்தக் கைவாகு எனக்கும் வந்திருக்கிறது என்று ஒரு திமிர். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் இந்த டின் பாலைப் பற்றிப் பேசினார். 'பாலும் கொலையும்' என்று தலைப்பே வைத்தார். எப்போதோ அதைப் படித்துவிட்டு, "அம்மா வளர்த்த பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்று மகளிடம் வாதாடியிருக்கிறேன். நன்றாக இல்லாமல் போனவர்களை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

மகளுக்கு ஈப்போவில் வேலை. 98 நாள் மகப்பேறு விடுப்பு முடிந்ததும் பேத்தியை என்னிடம் விட்டாள். அவள் வாங்கி வைத்த டின்னில் 60 மில்லிக்கு ஒரு கரண்டி. 120-க்கு இரண்டு. அது தீர்ந்ததும் ஊத்தான் மெலிந்தாங்கில் விலை குறைந்த வேறொரு டின் வாங்கினேன். கரண்டி சின்னதாக இருந்தது. கண்ணில் பட்டது, கருத்தில் ஏறவில்லை. அதே இரண்டைத்தான் போட்டேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி பால் வேண்டும். ஆறு கிலோக் குழந்தைக்கு 900 மில்லி. புது டின்னில் அதற்கு 30 கரண்டி மாவு. நான் போட்டது 15. குழந்தை போத்தலை உறிஞ்சி முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று அழுதது. பம்பர்ஸ் நனைந்துகொண்டே இருந்தது. நன்றாகக் குடிக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினேன். டின் சீக்கிரம் தீராததற்கு என் சிக்கனத்தை மெச்சிக்கொண்டேன்.

கிளினிக்கில் எடை பார்த்த மிஸ்ஸி, அதாவது தாதி, முகத்தைச் சுளித்தாள். என்னிடம் படித்தவள். வகுப்பில் கணக்குக்கு எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். எந்த டின் என்று கேட்டாள். சொன்னேன்.

"அதுல 120-க்கு நாலு கரண்டி டீச்சர். டின்னுக்கு டின் மாறும். நாலுதானே போடுறீங்க?"

அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

"நாலுதான்" என்றேன்.

அவள் நம்பினாள். குழந்தையின் கிளினிக் புத்தகத்தில் அப்படியே எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் அவள் சொன்னது சரி என்றாகிவிடும். மூன்றாகவாவது கூட்டினேனா? இல்லை. திடீரென்று கெட்டியாகக் கொடுத்தால் வயிறு கட்டிக்கொள்ளும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெயில் வேறு. அழுதபோதெல்லாம் இடையிடையே வெறும் தண்ணீரும் கொடுத்தேன்.

அந்த வாரக் கடைசியில், மகளும் மருமகனும் வந்திருந்த இரவில், குழந்தைக்கு வலிப்பு வந்தது. ஒரு கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகியது. தெலுக் இந்தானுக்குக் கொண்டு ஓடினோம்.

கைக்குழந்தையின் சிறுநீரகத்தால் அளவுக்கு மிஞ்சிய தண்ணீரை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் உப்பு இறங்கும். மூளை வீங்கும். இரத்தச் சோதனையில் உப்பு குறைவு என்று தெரிந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, பால் எப்படிக் கலக்கிறீர்கள் என்பதுதான். நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "அம்மா சரியாத்தான் கலப்பாங்க டாக்டர். டீச்சரா இருந்தவங்க." புத்தகத்திலும் நாலு என்றே இருந்தது.

நான் பேசாமல் நின்றேன்.

அதனால் அவர்கள் வேறு காரணம் தேடினார்கள். மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அவள் வீரிட்டது கதவுக்கு வெளியே கேட்டது. மருமகன் மகளைப் பார்த்து, "கொஞ்ச நாள் வேலைய விட்டிருக்கலாம்ல?" என்றார். அவள் சுவரோடு சாய்ந்து அழுதாள். அப்போதும் நான் பேசவில்லை. விடிந்த பிறகுதான் வார்டு மிஸ்ஸி ஒருத்தியிடம் சொன்னேன், மகளிடம் அல்ல. மகளுக்கு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

பேத்தி தேறிவிட்டாள். மகள் வேலையை விட்டுவிட்டாள். வீட்டுக் கடனை மருமகன் ஒருவரின் சம்பளத்திலேயே கட்டுகிறார்கள். மகள் மன்னித்துவிட்டாள் என்று உறவுக்காரர்களிடம் சொல்லி வருகிறேன். அதுவும் பொய். "மிஸ்ஸி கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?" என்று மட்டும் கேட்டாள். வயதாகிவிட்டது, மறந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். மறக்கவில்லை. நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த பெண் எனக்குக் கணக்குச் சொன்னாள். அதைப் பொறுக்க முடியவில்லை.