அரண்மனைக்காரன் தெரு

சென்னையில், பாரிமுனைக்குப் பக்கத்தில், அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று உண்டு. எந்த ராஜாவின் அரண்மனையோ என்று நான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அங்கே காகிதம் வாங்கப் போனபோது கடைக்காரப் பெரியவரைக் கேட்டேன்.

"அரண்மனையாவது, ஒண்ணாவது! ஆர்மீனியன்னு சொன்னது நம்ம காதிலே அப்படி விழுந்தது, ஸார். அதோ, அவங்க கோயில்" என்று கைகாட்டினார்.

போய்ப் பார்த்தேன். 1772-ல் எழுப்பிய மாதாகோயில். தரையெங்கும் கல்லறைக் கற்கள். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துக்கள். ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் இங்கேதான் உறங்குகிறார். பாரசீகத்து ஷிராஸ் நகரில் பிறந்தவர். பெற்ற பிள்ளைகள் இருவரையும் பறிகொடுத்தவர். அந்த மனிதர் 1794-ல் சென்னையில் 'அஸ்தரார்' என்ற மாதப் பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்டார். ஆர்மீனிய மொழியில் அதற்கு முன் உலகத்தில் எங்குமே பத்திரிகை கிடையாது. அவர்களுடைய தாய்நாட்டையோ துருக்கியரும் பாரசீகரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தா கட்டியவர்கள் வெகு சிலர். 18 இதழ்கள் வந்தன, 1796-ல் நின்றுபோயிற்று.

நானும் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன்தான். நான் எழுதிய பத்திரிகைகள் சிலவும் நின்றுபோயிருக்கின்றன. அப்போதெல்லாம் வராமற்போன சன்மானத்தைத்தான் நினைத்தேனே தவிர, வேறெதையும் நினைத்ததில்லை. அன்று அந்தக் கற்களுக்கு நடுவே நின்றபோது வெட்கமாக இருந்தது.

நாடில்லாத ஜனங்களுக்கு மொழிதானே வீடு? பிள்ளைகளை இழந்த ஒரு மனிதர், பிறர் பிள்ளைகளுக்காக அந்த வீட்டில் பதினெட்டு மாதம் விளக்கேற்றி வைத்தார். நம்மவர்கள் பெயரைத் தப்பாகக் கேட்டுவிட்டார்கள் என்று இனி நான் சொல்லமாட்டேன். அவர் அரண்மனைக்காரர்தான்.